அடைக்கு வாங்கிய முட்டை பொரிக்காவிட்டால் காசு கேட்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு ஊர்க்கோழி அடை கிடந்தது, சேவல் இல்லை. அடை வைப்பதற்கென்றே முட்டை விற்கும் ஒருவரிடம் சித்திரை வெயிலில் 12 முட்டை வாங்கி வைத்தேன். பொரித்தது மூன்றுதான். "கோழி ஒழுங்கா இருக்கேல்ல, வெக்கை வேற" என்கிறார் விற்றவர். காசைத் திருப்பிக் கேட்கலாமா? அடுத்த முறை முட்டை பொரிக்கும் மெஷின் வாங்குவதா?
வாசகி, மட்டக்குளி

பதில்: கேட்கலாம். ஆனால் எல்லா முட்டைக்கும் கேட்க முடியாது. பொரிக்காத ஒன்பதையும் இன்னும் எறியவில்லையென்றால், மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வைத்து உடைத்துப் பாருங்கள். உள்ளே நரம்போ இரத்தமோ இல்லாமல் வெறும் மஞ்சட்கரு இருந்தால் அது பெரும்பாலும் சேவல் கூடாத முட்டை. இரத்தம் வளையமாக நின்றிருந்தால் கரு முதல் நாட்களிலேயே செத்திருக்கிறது. முட்டை பழையது, அல்லது வெயிலில் கிடந்தது என்று சந்தேகப்பட அது போதுமான காரணம். முழுதாய் வளர்ந்த குஞ்சு உள்ளேயே செத்திருந்தால் விற்றவரைக் குறை சொல்வது கடினம். குறை பெரும்பாலும் அடையின் கடைசி நாட்களில்தான் இருக்கும்.

அடுத்த முறை 21 நாள் காத்திருக்க வேண்டாம். ஏழாம் நாள் இரவு டோர்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல நரம்பு ஓடியிருந்தால் கரு வளர்கிறது. வெறுமையாகத் தெரிவதைப் படமெடுத்து அன்றைக்கே விற்றவருக்கு அனுப்புங்கள். மூன்று கிழமை கழித்துப் போகும் முறைப்பாட்டை விட இதற்கு மதிப்பு அதிகம்.

விற்பவர் பொரிப்புக்கு உத்தரவாதம் தர முடியாது. சேவல் கூடிய முட்டை என்பதற்கும் இட்ட திகதிக்கும் அவர்தான் பொறுப்பு. அந்த இரண்டையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது வியாபாரியின் சட்டக் கடமை. மறுத்தாலோ ஏமாற்றினாலோ நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 தொலைபேசி இலக்கத்துக்குச் சொல்லலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் முட்டை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து மூல முறைப்பாட்டைக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு முட்டைக்காக யார் அலைவார்கள் என்று கேட்பீர்கள். அந்த நினைப்பை நம்பித்தான் சிலர் விற்கிறார்கள்.

வெக்கை விடயத்தில் அவர் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. அடை முட்டையை வைத்திருக்க நல்லது 15 முதல் 18 பாகை செல்சியஸ். கொழும்பில் சித்திரை இரவுகூட அதைவிடச் சூடு. 21 பாகையைத் தாண்டினாலே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் சோர்ந்துபோகும். ஏழு நாள் முட்டை பரவாயில்லை என்பது குளிரான இடத்துக்கான கணக்கு. இங்கே நான் நாலு நாளுக்கு மேற்பட்டதை வாங்கமாட்டேன். காலையில் போய் வாங்கி, ஓட்டோவில் குலுங்காமல் கொண்டுவந்து, கூர் முனை கீழே இருக்க ஒரு இரவு ஆறவிட்டு, பிறகு அடை வையுங்கள்.

மெஷின் இப்போதைக்கு வேண்டாம். அதற்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிராக்கத் தெரியாது. தகரக் கூரை அறையில் பகல் வெக்கை ஏறினால், காற்றாடி வைத்த மெஷினுக்குத் தேவையான 37.5 பாகை எளிதாகத் தாண்டிவிடும். கொஞ்ச நேரக் குளிரைக் கரு தாங்கும். அதிக சூட்டைத் தாங்காது. கரன்ட் போனால் என்ன என்பதை 2022 மின்வெட்டைக் கண்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாங்கியே தீருவேன் என்றால், அதில் காட்டும் இலக்கத்தை நம்பாமல், காய்ச்சல் பார்க்கும் தேர்மோமீற்றரையும் உள்ளே வைத்து ஒத்துப் பாருங்கள்.

அந்தக் காசில் கோழிக்கு நிழல் செய்து கொடுங்கள். தகரத்தின் கீழ் இருக்கும் கூட்டை இரவிலே மெல்லத் தூக்கிக் காற்றோட்டமான மூலைக்கு மாற்றுங்கள். வெயில் காலத்தில் 12 முட்டை அதிகம், எட்டு அல்லது பத்துப் போதும். எழுந்தால் எட்டும் தூரத்தில் தண்ணீரும் தீனியும், புரள உலர்ந்த மண்ணும் இருக்கட்டும். ஒரு நாளில் கால் மணி நேரம் எழுந்து திரிவது வழமை, விரட்டி உட்கார வைக்காதீர்கள். அடிக்கடி எழுந்தால் இறகடியில் பேனும் கூட்டில் செள்ளும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கடி தாங்காமல் அடையைக் கைவிட்ட கோழிகள் ஏராளம்.

கேள்வி: சூப்பர்மார்க்கெட் முட்டையை அடை வைக்கலாமா?
வாசகர், வெள்ளவத்தை

பதில்: வீண் வேலை. முட்டைப் பண்ணைகளில் பேடுகள் சேவல் இல்லாமலே வளர்கின்றன.

கேள்வி: தாயில்லாக் குஞ்சுகள் வாங்கினேன். இரவு பகலாக பல்ப் எரிய வேண்டும் என்கிறார் கடைக்காரர்.
வாசகர், தெஹிவளை

பதில்: முதற் கிழமைக்கு 33 முதல் 35 பாகை வேண்டும். கொழும்புப் பகல் வெக்கையே அதை நெருங்கிவிடும் என்பதால் பல்ப் பெரும்பாலும் இரவுக்குத்தான். குஞ்சுகளைப் பாருங்கள்: பல்புக்கடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றால் குளிர், விலகி ஓரத்தில் நின்று வாய் திறந்து சிறகைத் தொங்கவிட்டால் சூடு, பல்பை உடனே உயர்த்துங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போடுங்கள், விழுந்து மூழ்காது.