மாத்திரை அட்டை முடிவதற்குள் ரத்தம் படுகிறதே, அக்கா? – கேள்வி பதில்

அரசு மருத்துவமனை குடும்பநலப் பிரிவில் 22 வருடம் செவிலியராக இருந்தேன். கருத்தடை மாத்திரை போடும்போது கண்ட நாளில் ரத்தம் படுவதைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

மாலா-என் கருத்தடை மாத்திரையில் இரண்டாவது அட்டை ஓடுகிறது. பத்தாவது மாத்திரையிலிருந்து காபி கலரில் கொஞ்சம் கொஞ்சமாகப் படுகிறது. எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா அக்கா?

அதற்குள் அப்படி முடிவு கட்டாதேம்மா. முதல் மூன்று மாதம் நிறையப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். மாலா-என்னில் ஒரு மாத்திரைக்கு ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் 0.03 மில்லிகிராம்தான். ஆரம்ப காலத்து மாத்திரைகளில் இதைவிடப் பல மடங்கு இருந்தது, ரத்தம் உறைகிற ஆபத்து தெரிந்த பிறகு குறைத்தார்கள். மாத்திரை போட்டால் கர்ப்பப்பையின் உள்சவ்வு மெலிந்துவிடும், இந்தக் குறைந்த அளவுக்கு அது பழகுகிற வரை அங்கங்கே கசியும். பழகியதும் பெரும்பாலும் தானாக நின்றுவிடும்.

ஆனால் அதற்கு முன் உன் அட்டையை எடுத்துப் பார். ஒரு தடவை ஒரு பெண் ஆறு மாதமாக ரத்தம் நிற்கவில்லை என்று வந்தாள். அட்டையை வாங்கிப் பார்த்தால் ஓட்டைப்பல் மாதிரி நடுநடுவே மாத்திரைகள் அப்படியே இருந்தன. வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர், அவர் ஊரில் இருக்கிற நாட்களில் மட்டும் போட்டிருக்கிறாள், யாரும் அவளுக்குச் சரியாகச் சொல்லித்தரவில்லை. கணவர் ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் ஒன்று, ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் என்று ஒரே நேரத்தில் போடவேண்டும். இடையில் ரத்தம் படுவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் விட்டுப்போன மாத்திரைதான்.

இரண்டு நாள் மறந்துவிட்டேன், இப்போது ரத்தம் வருகிறது.

ஞாபகம் வந்ததும் ஒரு மாத்திரை போடுங்கள், மீதியை வழக்கம்போல தினம் ஒன்றாகத் தொடருங்கள். ஏழு நாள் விடாமல் போடுகிற வரை ஆணுறையும் வேண்டும். மறந்தது மூன்றாவது வாரத்தில் என்றால் ஹார்மோன் உள்ள வெள்ளை மாத்திரை முடிந்ததும், கடைசியில் இருக்கிற ஹார்மோன் இல்லாத பழுப்பு மாத்திரைகளைத் தொடாமல் நேராகப் புது அட்டை. ஒரே ஒரு நாள் மறந்தவர்களுக்கு இவ்வளவு வேண்டாம், நினைவு வந்ததும் அதைப் போட்டால் போதும், அன்றைக்கே இரண்டு போடவேண்டி வந்தாலும் பரவாயில்லை.

ரத்தம் பட்டதும் பயந்துபோய் அட்டையைப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

இதைத்தான் செய்யாதீர்கள். நிறுத்தினால் ரத்தம் இன்னும் அதிகமாக வரும், கர்ப்பமும் தரிக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, பார்வை மங்கிக் கடுமையான தலைவலி வந்தாலோ மட்டும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

டிபிக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு வருடமாகச் சரியாக வந்த பீரியட்ஸ் இப்போது கண்டபடி வருகிறது.

நல்லவேளை கேட்டீர்கள். டிபி மருந்தில் ரிஃபாம்பிசின் என்று ஒன்று இருக்கிறது, சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்குமே, அதுதான். அது கல்லீரலைத் தூண்டி கருத்தடை ஹார்மோனை வேகமாகக் கரைத்துவிடும். அட்டையைச் சரியாகப் போட்டாலும் உடம்பில் மருந்து தங்காது, ரத்தம் படுவது அதற்கு அடையாளமாக இருக்கலாம். கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆணுறை இன்றே ஆரம்பிக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடுகிற அந்தரா கருத்தடை ஊசியை ரிஃபாம்பிசின் கெடுக்காது, அதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். டிபி மருந்தை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன், கார்பமசெபின் சாப்பிடுபவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. சளி, காய்ச்சலுக்குத் தருகிற சாதாரண ஆன்டிபயாடிக்கால் இப்படி ஆகாது.

சாயா என்கிற ஹார்மோன் இல்லாத கருத்தடை மாத்திரை போடுகிறேன், 45 நாளாகியும் பீரியட்ஸ் வரவில்லை.

சாயாவில் தள்ளிப்போவது சகஜம். ஆனாலும் கர்ப்பம் இல்லை என்று பார்த்துவிடுங்கள்.

மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து இரண்டு நாள்தான் வருகிறது. கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடும் என்று மாமியார் திட்டுகிறார்.

கெட்ட ரத்தம் என்று ஒன்று கிடையாது. வெளியே வருவது கர்ப்பப்பையின் உள்சவ்வும் அதோடு சேர்ந்த ரத்தமும்தான். மாத்திரையால் அந்தச் சவ்வு வளர்வதே குறைவு, அதனால் வருவதும் குறைவு.

(இதற்கு இன்னொருவர்) நீங்கள் சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். என் சித்திக்கு ஆறு மாதம் வராமல் இருந்து, அப்புறம் கட்டிகட்டியாகப் போய் ரத்தம் ஏற்றவேண்டியதாகிவிட்டது.

சித்தி மாத்திரை சாப்பிட்டாரா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) மாதிரி காரணத்தால் மாதக்கணக்கில் வராமல் இருக்கும்போது சவ்வு உள்ளே தடித்துக்கொண்டே போகும், ஒருநாள் மொத்தமாகக் கொட்டும். அதற்குக் கட்டாயம் வைத்தியம் வேண்டும். மாத்திரை போடுபவருக்கு நடப்பது நேர்மாறானது, சவ்வு மெலிகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் "சரியாக வரவில்லை" என்று ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் பெரியவர்கள் பயப்படுவதில் தப்பில்லை, ஆனால் அந்தப் பயத்துக்காக ஒத்துக்கொள்கிற மாத்திரையை நிறுத்தவேண்டாம்.

(மறுபடியும் அவரே) அப்படியென்றால் மாதாமாதம் வருவது எதற்கு?

கடைசி ஏழு பழுப்பு மாத்திரையில் ஹார்மோன் இல்லை, இரும்புச்சத்துதான். ஹார்மோன் நின்றதும் இருக்கிற கொஞ்சம் சவ்வும் உதிர்கிறது, அவ்வளவுதான். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. நமக்கு ரத்தம் குறைவாகப் போவது நல்லதுதானே! மாமியாரையும் ஒருநாள் உங்களோடு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், நேரில் கேட்டால் மனசு ஆறும்.

முதல் மாதம் லேசாகப் படுகிறது, பயமா?

முதல் பதிலைப் படியுங்கள். இதே கேள்வியை இன்னும் நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள், எல்லோருக்கும் பதில் அதுதான்.

குழந்தைக்கு மூன்று மாதம், தாய்ப்பால் தருகிறேன். மாலா-என் போடலாமா?

ஆறு மாதம் ஆகட்டும். அதுவரை வேறு முறை கேளுங்கள்.

கோவில் திருவிழாவுக்குத் தள்ளிப்போட வாங்கிய மாத்திரை கர்ப்பத்தையும் தடுக்குமா?

தடுக்காது. அதை நம்பாதீர்கள்.

உடம்பு குறைய எந்த மாத்திரை நல்லது?

அது என் வேலை இல்லைம்மா, மருத்துவரைக் கேளுங்கள்.

வயது 44. மூன்று வருடமாக மாத்திரை. இரண்டு மாதமாகக் கணவரோடு சேர்ந்தால் ரத்தம் வருகிறது. இதுவும் மாத்திரையால்தானா?

இதை மாத்திரையின் மேல் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். சேர்ந்த பிறகு ரத்தம் வந்தால் கர்ப்பப்பை வாயைப் பார்த்தே ஆகவேண்டும். சதை வளர்ச்சியாக இருக்கலாம், கிருமித் தொற்றாக இருக்கலாம், புற்றுநோய் இல்லை என்றும் உறுதிசெய்ய வேண்டும். படுக்கவைத்துப் பார்க்கிற பரிசோதனை சில நிமிடம்தான், வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள். அப்படியே பிபியும் பார்க்கச் சொல்லுங்கள். நாளைக் காலையிலேயே போங்கள், போகும்போது அட்டையையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.