வீட்டிலேயே தூக்கிய ஜிம்னி, அடிபட்டவர் ஒருவர்: அட்ஜஸ்டர் வருவதற்குள் எதையும் கழற்றாதீர்கள்

கேள்வி: பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கிறேன். என் பழைய சுசுகி ஜிம்னி ஜீப்பை மச்சானும் நானும் வீட்டு வாசலிலேயே உயரமான ஸ்பிரிங் போட்டு மூன்று இன்ச் தூக்கினோம். ஸ்டியரிங் ராடை வெட்டி வெல்டிங் வைத்தது மச்சான்தான். போன மாதம் ஜாலான் துன் சார்டோனில் பாலிக் பூலாவ் பக்கம் இறங்கும்போது குழியில் விழுந்ததும் ஸ்டியரிங் உதறி, எதிர்ப்பாதைக்குப் போய்விட்டது. மோட்டாரில் வந்தவருக்குத் தொடை எலும்பு முறிவு. அவரும் வேகமாகத்தான் வந்தார். மச்சான் இப்போது போனையே எடுப்பதில்லை, ஸ்டேஷனில் மரியாதையில்லாமல் பேசினார்கள். அடுத்த வாரம் காப்புறுதிக்காக விபத்தை விசாரிக்கும் அட்ஜஸ்டர் வண்டியைப் பார்க்க வருகிறார். அதற்குள் பழைய ஸ்பிரிங்கைப் போட்டுவிடலாமா? மச்சான்மேல் வழக்குப் போடலாமா?

பதில்: போடாதீர்கள் தம்பி. ஸ்பிரிங்கையும் சரி, மச்சான்மேல் வழக்கையும் சரி.

ஸ்டேஷனில் எப்படிப் பேசினார்கள் என்பது மனவருத்தம், வழக்கு இல்லை. மோட்டார்க்காரர் வேகமாக வந்தார் என்றால் அவர்மேலும் இத்தனை சதவீதம் தவறு என்று 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி இழப்பீட்டைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் எதிர்ப்பாதைக்குப் போனது உங்கள் வண்டி, அதனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். மச்சானை வழக்கில் இழுத்தாலும் வெல்டிங் வைத்த ஆளிடம் வசூலிக்க என்ன இருக்கும்? அதோடு அவர் உங்களுக்கு எதிரான சாட்சியாக மாறுவார். ஸ்டியரிங் ஆடுகிறது என்று நீங்கள் முன்பே சொல்லியிருந்தால் அது அவருக்குத்தானே தெரியும்.

நீதிமன்றம் கேட்கப்போவது ஒன்றுதான். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) ஒப்புதலும் இல்லாமல், காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்லாமல் ஸ்டியரிங்கை மாற்றிய வண்டியை, அது சரியில்லை என்று தெரிந்தே சாலைக்குக் கொண்டுவந்தீர்களா?

தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஜிம்னி மாதிரி முன்பக்கம் முழு ஆக்சில் உள்ள வண்டியை ஸ்பிரிங் மட்டும் மாற்றித் தூக்கினால் காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்து ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. ராடின் சரிவு கூடிவிடுவதால் ஒவ்வொரு குழியிலும் சக்கரம் ஒரு பக்கம் இழுக்கும். அந்த ராடில் வெல்டிங் வேறு. இதை நானே சொல்கிறேன் என்றால், எதிர்த்தரப்பு கூட்டி வரும் நிபுணர் எவ்வளவு சொல்வார் பாருங்கள்.

"வண்டி நிலை சரியில்லை, அதனால் காப்புறுதி கொடுக்காது" என்று பலர் பயப்படுகிறார்கள். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 95-ஆவது பிரிவுப்படி, வண்டியின் நிலையைக் காட்டி அடிபட்ட மூன்றாம் தரப்பைக் கைவிட அவர்களால் முடியாது. ஆனால் நிம்மதியாக மூச்சு விட்டுவிடாதீர்கள். அவருக்குக் கொடுத்த பணத்தை அவர்கள் உங்களிடமிருந்து திரும்ப வசூலிக்கலாம். நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் மாட்டுவது இங்கேதான். "காப்புறுதி பார்த்துக்கொள்ளும்" என்று இருந்துவிட்டு, வழக்கு முடிந்து இரண்டு வருடம் கழித்து வரும் வக்கீல் நோட்டீசில் வீட்டையும் சேமிப்பையும் இழக்கிறார்கள். வாகன விபத்து வழக்கு என்றால் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குத் தொகை வரம்பே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். தொடை எலும்பு, ஆபரேஷன், வேலைக்குப் போகாத மாதங்கள் எல்லாம் சேர்ந்தால் தொகை ஏறிக்கொண்டே போகும். உங்கள் ஜிம்னியின் சேதத்துக்குக் கேட்கும் பணமும் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியதைச் சொல்லாமல் பாலிசி எடுத்ததையோ புதுப்பித்ததையோ 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தைக் காட்டிப் பிடிப்பார்கள். தெரிந்தே மறைத்தீர்களா, கவனக்குறைவா என்பதைப் பொறுத்து விளைவு மாறும்.

இப்போது அந்த ஸ்பிரிங் விஷயம். பழையதைப் போட்டால் அட்ஜஸ்டருக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்கள். போல்ட்டின் மரையில் துரு போய் பளபளப்பு தெரியும், சேறு படிந்த ஆக்சிலில் ஸ்பிரிங் உட்கார்ந்த இடம் மட்டும் துடைத்த மாதிரி இருக்கும். வண்டியைத் தூக்கும்போது போட்ட நீளமான பிரேக் ஹோஸை மாற்ற மறந்திருப்பீர்கள். அப்புறம் உங்கள் ஃபேஸ்புக்கில் தூக்கிய வண்டியோடு தேதி போட்ட படங்கள் இருக்கும். அதோடு விட்டால் பரவாயில்லை, மச்சானுக்கு "எண்பதுக்கு மேலே போனா உதறுதுடா" என்று ஏதாவது செய்தி அனுப்பியிருந்தால் அதுவும் வெளியே வரும். வண்டியை மாற்றியது ஒரு தவறு. விபத்துக்குப் பிறகு கழற்றினால் ஆதாரத்தை மறைத்தீர்கள் என்று குற்றவியல் சட்டத்தின் 201-ஆவது பிரிவு வரை பேச்சு போகும். அதோடு நீதிபதி உங்கள் வார்த்தை ஒன்றையும் நம்பமாட்டார். சமாளித்துப் போகக்கூடிய சிவில் வழக்கை நீங்களே கிரிமினல் வழக்காக்கிக்கொள்ளாதீர்கள். அடிபட்டவர் இறந்திருந்தால், அபாயகரமாக ஓட்டியதாக சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41-ஆவது பிரிவின்கீழ் குற்றம் உறுதியாகிவிட்டால், 2020 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஐந்து வருடம் சிறை. அவர் பிழைத்தது உங்களுக்கும் பெரிய காரியம்.

அட்ஜஸ்டரிடம் வாக்குமூலம் தரும்போது வக்கீல் பக்கத்தில் இருக்கட்டும். கேட்டதற்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். நீங்களாக மோட்டார்க்காரரைப் போய்ப் பார்த்து "இரண்டாயிரம் வெள்ளி வாங்கிக்கொள்ளுங்கள், கேஸ் வேண்டாம்" என்று பேசாதீர்கள். மனது நல்லதுதான், ஆனால் நிறுவனத்தின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் பணம் பேசுவதைப் பாலிசி தடுக்கும். அப்புறம் அதையே காரணமாக வைத்துக் கையை விரிப்பார்கள். நலம் விசாரிப்பது வேறு, அதைச் செய்யுங்கள்.

என் ஆலோசனை: சமாதானம். வண்டி சேதக் கோரிக்கையை விட்டுவிடுங்கள். மூன்றாம் தரப்பு வழக்கை நிறுவனமே நடத்தட்டும், ஒத்துழையுங்கள். அவர்கள் திரும்ப வசூலிக்க வருவதற்கு முன்னாலேயே உங்கள் வக்கீல் மூலம் எழுதிப் போட்டு, தொகையைக் குறைத்துத் தவணையில் கட்டுவதற்குப் பேசுங்கள். தீர்ப்புக்குப் பிறகு பேசினால் வட்டியும் செலவும் சேர்ந்துகொள்ளும். வண்டியை இப்போது இருக்கிற நிலையிலேயே நாலா பக்கமும் அடியிலும் படம் எடுத்து, சாவியை வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள்.