வங்கியின் பெயர் மாறினால் பழைய ரசீது செல்லாதா?

கேள்வி: அம்பாசமுத்திரம் அருகே எங்கள் ஊர். அம்மாவின் பெயரில் 2019-இல் லட்சுமி விலாஸ் வங்கியில் போட்ட இரண்டு லட்சம் ரூபாய் டெபாசிட் ரசீது, டிரங்குப் பெட்டியிலிருந்து இப்போதுதான் கிடைத்தது. இப்போது அது ‘டி.பி.எஸ்.’ வங்கியாம். ரசீதைப் புதுப் பெயருக்கு மாற்றிக் கொடுக்க 4,000 ரூபாய் கேட்கிறார் ஓர் ஏஜெண்ட். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றுவது என்று ஒரு வேலையே கிடையாது. கரூரில் 1926-இல் தொடங்கிய அந்த வங்கி, 2020 நவம்பர் 27 அன்று டி.பி.எஸ். வங்கியின் இந்திய நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. சிங்கப்பூர் வளர்ச்சி வங்கி என்பதன் ஆங்கில முதலெழுத்துகள்தான் அந்த மூன்றும். டெபாசிட் முழுவதற்கும் புதிய வங்கியே பொறுப்பு. பழைய பெயர் அச்சிட்ட ரசீதே போதும்.

லட்சுமி என்ற பெயரை நம்பிப் பணம் போட்டவர்களுக்கு, யாரும் பொருள் சொல்லாத மூன்று எழுத்துகள் எப்படிப் பிடிபடும்? எந்த வங்கி இணைந்தாலும் பலகை உடனே மாறிவிடுகிறது. வாசலில் தமிழில் ஒரு விளக்கம் ஒட்ட மட்டும் ஆள் கிடைப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் ஏஜெண்ட் நாற்காலி போட்டு உட்காருகிறார். ஸ்டாம்ப் பேப்பர், நோட்டரி கையெழுத்து என்று அடுக்குவார். ரசீதை அவர் கையில் கொடுக்காதீர்கள். ‘புதிய வங்கியிலிருந்து பேசுகிறோம்’ என்று போனில் ஓ.டி.பி. கேட்டாலும் சொல்லாதீர்கள்.

ரசீதை லேமினேஷன் செய்யவும் வேண்டாம். முக்கூடலில் பீடி சுற்றும் ஓர் அம்மா, வேறொரு வங்கியின் ரசீதை மஞ்சள் பையில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார். கெட்டுவிடக் கூடாதென்று பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்தார். பணம் பெற ரசீதின் பின்புறம் கையெழுத்திட வேண்டும், பேனா வழுக்கியது. அதற்காக அவரை மூன்று முறை அலையவிட்டார்கள்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். அதே பெட்டியில் அந்த வங்கியின் பங்குச் சான்றிதழும் இருக்கலாம். டெபாசிட் என்பது வங்கிக்கு நீங்கள் கொடுத்த கடன். அது திரும்பி வரும். பங்கு என்பது வங்கியில் உங்களுக்கு இருந்த உரிமை. இணைப்பின்போது அந்த வங்கியின் பங்கு மூலதனம் முழுவதும் பூஜ்யமாக்கப்பட்டது. 100 பங்கானாலும் 10,000 பங்கானாலும் அதற்கு மதிப்பில்லை. பழைய பங்குக்குப் பணம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அம்மாவை நேரில் அழைத்துச் செல்லுங்கள். அசல் ரசீது, ஆதார், பான் கார்டு, புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். தாமதிக்க வேண்டாம். தானாகப் புதுப்பிக்கச் சொல்லியிராத டெபாசிட்டை முதிர்ந்த பிறகும் எடுக்காமல் விட்டால், சேமிப்புக் கணக்கு வட்டி, ஒப்பந்த வட்டி இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும் என்பது ரிசர்வ் வங்கியின் 2021 ஜூலை உத்தரவு.

‘சிஸ்டத்தில் பழைய கணக்கு தெரியவில்லை’ என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். எழுந்து வந்துவிடாதீர்கள். அங்கேயே தமிழில் ஒரு மனு எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வழி கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. அதற்கும் கட்டணம் இல்லை.