ஹெபடைடிஸ் சி: மூன்று மாத மாத்திரையில் குணமாகுமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 52. குடலிறக்க அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில் அவருக்கு ஹெபடைடிஸ் சி இருப்பது தெரியவந்தது. வைரஸ் மூன்றாம் வகை என்றும், கல்லீரல் சுருக்கம் தொடங்கிவிட்டது என்றும் சொன்னார்கள். தினமும் ஒரு மாத்திரை வீதம் மூன்று மாதம் சாப்பிட்டால் போதும் என்கிறார் மருத்துவர். 2006இல் இதே நோய்க்கு என் பெரியப்பா ஏறக்குறைய ஒரு வருடம் வாராவாரம் ஊசி போட்டும் குணமாகவில்லை. இந்த மாத்திரையை எப்படி நம்புவது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தங்கள் பெரியப்பாவுக்குப் போட்டது பெக்-இன்டர்ஃபெரான் ஊசியாக இருக்கும், கூடவே ரிபாவிரின் மாத்திரையும் கொடுத்திருப்பார்கள். அந்த ஊசி பெரும்பாலும் உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிட்டு, அதன் மூலமாகவே வைரஸை ஒடுக்க முயன்றது. இரண்டாம், மூன்றாம் வகை வைரஸ் உள்ளவர்களுக்கு 24 வாரம் போட்டதில் நூற்றுக்கு எழுபது, எண்பது பேர் குணமானார்கள். முதல் வகைக்கு 48 வாரம் போட்டும் பாதிப் பேர் குணமானாலே பெரிது. காய்ச்சல், உடல்வலி, இரத்தசோகை, மனச்சோர்வு ஆகியவற்றைத் தாங்க முடியாமல் பாதியில் நிறுத்தியவர்களும் உண்டு. ஒரு வருடம் போட்டார்கள் என்பதை வைத்துப் பார்த்தால், பெரியப்பாவுக்கு இருந்தது முதல் வகையாக இருக்கலாம்.

இப்போதைய மாத்திரைகள் வைரஸையே நேரடியாகத் தாக்குகின்றன. வைரஸ் தன்னைப் படியெடுக்கப் பயன்படுத்தும் நொதியை சோஃபோஸ்புவிர் முடக்குகிறது. அதே பணிக்குத் தேவையான வேறொரு புரதத்தை டக்ளடாஸ்விர் அல்லது வெல்படாஸ்விர் முடக்குகிறது. இரண்டு வழிகளும் ஒரே நேரத்தில் அடைபடுவதால், உருமாறித் தப்பிக்கும் வாய்ப்பு வைரஸுக்கு மிகவும் குறைந்துவிடுகிறது. ஹெபடைடிஸ் பி வைரஸைப் போல இது செல்லின் உட்கருவுக்குள் போய் ஒளிந்துகொள்வதுமில்லை. ஆகவே பெருக்கத்தை முழுமையாக நிறுத்திவிட்டால் உடலைவிட்டே நீங்கிவிடுகிறது. ஹெபடைடிஸ் பி-க்குப் பல ஆண்டுகள் மாத்திரை தேவைப்படும்போது, சி-க்கு 12 வாரம் போதும் என்று சொல்ல முடிவது இதனால்தான்.

ஆனால் தங்கள் கணவருடைய நிலையில் இரண்டு செய்திகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த மாத்திரைகளுக்குச் சற்று முரண்டு பிடிக்கும் வகை மூன்றாம் வகைதான். இந்தியாவில் அதிகம் காணப்படுவதும் அதுவே. சோஃபோஸ்புவிருடன் டக்ளடாஸ்விரை 12 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வில், மூன்றாம் வகை உள்ளவர்களில் கல்லீரல் சுருக்கம் இல்லாதவர்கள் 96 சதவீதம் பேர் குணமானார்கள். சுருக்கம் உள்ளவர்களில் 63 சதவீதமே. டக்ளடாஸ்விருக்குப் பதிலாக வெல்படாஸ்விரைச் சேர்த்த மற்றோர் ஆய்வில், சுருக்கம் உள்ளவர்களிலும் 91 சதவீதம் பேர் குணமானார்கள். ஆகவே, கொடுக்கப்பட்டிருப்பது சோஃபோஸ்புவிரும் வெல்படாஸ்விரும் சேர்ந்த மாத்திரைதானா என்று அட்டையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். வயிற்றில் நீர் கோத்தல், இரத்த வாந்தி, நினைவு தடுமாற்றம் ஆகியவை ஏற்பட்டிருந்தால் இது மட்டும் போதாது. ரிபாவிரினையும் சேர்ப்பார்கள் அல்லது 24 வாரத்துக்கு நீட்டிப்பார்கள்.

மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை சில உண்டு. நம் வீடுகளில் மருந்தாகவே மதிக்கப்படாத 'கேஸ் மாத்திரை' அவற்றில் முதன்மையானது. வெல்படாஸ்விர் கரைவதற்கு இரைப்பையில் அமிலம் வேண்டும். காலையில் பான்டோபிரசோலோ ஒமெபிரசோலோ போட்டுக்கொண்டால் மருந்து இரத்தத்தில் சேருவது குறைந்துவிடும். வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின், இதயத் துடிப்புக்கான அமியோடரோன் ஆகியவற்றுடன் இதைச் சேர்க்கவே கூடாது. தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனையும் கட்டாயம். சி ஒழியும்போது, அடங்கிக் கிடந்த பி தலைதூக்கிக் கல்லீரலைப் பழுதாக்கியதுண்டு. கீழாநெல்லியால் இந்த வைரஸ் நீங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்; அதை நம்பி மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள்.

செலவைப் பற்றித் தாங்கள் கேட்கவில்லை என்றாலும் கேள்வி மனத்தில் இருக்கும். 2013 இறுதியில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் வந்தபோது ஒரு மாத்திரையின் விலை ஆயிரம் டாலர். 12 வாரத்துக்கு 84,000 டாலர். 2014இல் இந்திய நிறுவனங்களுக்குத் தயாரிப்பு உரிமம் கிடைத்த பிறகு விலை மளமளவென்று சரிந்தது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ், பரிசோதனையும் மருந்தும் இலவசமாகவே கிடைக்கின்றன; அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் சிகிச்சையை முடித்தேன், வைரஸ் இல்லை என்றார்கள். இப்போது வெளிநாட்டு வேலைக்கான மருத்துவச் சோதனையில் 'பாசிட்டிவ்' என்கிறார்கள். மருந்து தோற்றுவிட்டதா?
- ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: பெரும்பாலும் இல்லை. அவர்கள் பார்த்தது எதிர்ப்பொருளை, அதாவது வைரஸ் வந்து போனதற்கு உடல் வைத்திருக்கும் அடையாளத்தை. குணமான பிறகும் அது பல ஆண்டுகள், பலருக்கு வாழ்நாள் முழுவதும் இரத்தத்தில் இருக்கும். மருந்து வென்றதா என்பதைச் சொல்வது, வைரஸின் மரபுப்பொருளையே இரத்தத்தில் தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனைதான். சிகிச்சை முடிந்து 12 வாரம் கழித்து எடுத்த அந்தப் பரிசோதனையில் வைரஸ் இல்லை என்றால், அது மீண்டும் தலைகாட்டுவது மிக அரிது. ஆனால் குணமானவருக்குப் புதிதாகத் தொற்றாது என்பதில்லை. இதற்குத் தடுப்பூசியும் இல்லை. பச்சை குத்துதல், பிறருடைய சவரக்கத்தி, பிறருக்குப் போட்ட ஊசி ஆகியவற்றுக்கு இந்த இரண்டு ஆண்டுகளில் ஆளாகியிருந்தால், ஆர்.என்.ஏ. பரிசோதனையை இப்போது ஒருமுறை செய்துவிடுங்கள்.

சிகிச்சைக்கு முன்பே கல்லீரல் சுருக்கம் இருந்திருந்தால், வைரஸ் போனாலும் புற்றுநோய் அபாயம் குறையுமே தவிர முற்றிலும் நீங்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுப்பதை விடக்கூடாது. வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் சிலர் எதிர்ப்பொருள் இருந்தாலே 'தகுதியில்லை' என்று எழுதிவிடுகிறார்கள். மருத்துவ முறைப்படி இது நியாயமன்று. பழைய ஆர்.என்.ஏ. அறிக்கையையும் புதியதையும் கல்லீரல் மருத்துவரின் கடிதத்துடன் இணைத்து, மறுபரிசீலனை கோரி எழுத்து மூலமாக விண்ணப்பியுங்கள்.