ஒன்பது டன் லாரிக்கு எந்த ரெக்கவரி போர்டு?

கேள்வி: பழைய நான்கு சக்கர இயக்க லாரி ஒன்றைப் படுக்கை, சமையல் வசதியுடன் பயண வண்டியாக மாற்றியிருக்கிறேன். பின்புறமும் ஒற்றைச் சக்கரம்தான். எடைமேடையில் 9 டன் காட்டியது. இட்டமொழிப் பக்கம் தேரி எனப்படும் செம்மணல் மேட்டில் புதைந்தபோது, ஜீப்புக்கு வாங்கியிருந்த இரண்டு பிளாஸ்டிக் ரெக்கவரி போர்டுகளை (புதைந்த சக்கரத்தின் அடியில் வைத்து வண்டியை ஏற்றும் பல் வைத்த பலகைகள்) போட்டேன். ஒன்று விரிசல் விட்டது. மற்றொன்றின் பற்கள் உருகிவிட்டன. இனி எதை வாங்குவது? (வள்ளியூர் வாசகர்)

பதில்: உங்கள் போர்டுகள் இரண்டும் வெவ்வேறு காரணங்களால் கெட்டிருக்கின்றன. பற்கள் உருகியதற்கு எடை காரணமில்லை. சக்கரம் பிடிப்பின்றி ஒரே இடத்தில் சுழலும்போது ரப்பர் உரசி எழும் சூட்டில் எந்தப் பிளாஸ்டிக்கும் சில நொடிகளில் குழைந்துவிடும், நைலானும் விலக்கில்லை. விரிசலுக்குத்தான் எடை காரணம்.

இரண்டு டன் ஜீப்பில் ஒரு சக்கரத்தின் மேல் அரை டன் விழும். உங்கள் லாரியின் பின்பகுதியில் தண்ணீர்த் தொட்டியும் சமையல் கட்டும் இருந்தால் பின் ஆக்சிலில் (பின் சக்கரங்கள் இரண்டையும் தாங்கும் அச்சில்) 5.5 டன் வரக்கூடும். அப்போது ஒரு சக்கரத்துக்கு 2,750 கிலோ, அதாவது ஐந்து மடங்குக்கும் மேல். ஆகவே பின் ஆக்சிலை மட்டும் எடைமேடையில் ஏற்றி ஒருமுறை எடை பார்த்துவிட்டு, அதன் பாதியை மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். அட்டைப்பெட்டியில் '10 டன் தாங்கும்' என்று அச்சிட்டிருந்தால், சமதரையில் முழுவதும் படிந்து கிடக்கும்போதா, அடியில் பள்ளம் இருக்கும்போதா என்று கேளுங்கள். மணலில் பலகையின் அடிப்பகுதி ஒருபோதும் முழுவதும் படிவதில்லை.

உங்கள் வண்டிக்கு என் பரிந்துரை, துளையிட்டு விளிம்பு மடித்த அலுமினியப் பலகை அல்லது கனமான கண்ணாடியிழைப் பலகை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை தற்காலிக விமான ஓடுதளங்களுக்கு விரித்த துளைத் தகடுகளின் வழிவந்ததே இந்த அலுமினியப் பலகை. 10 அடி நீளமும் 15 அங்குல அகலமும் கொண்ட அந்த எஃகுத் தகடு சுமார் 30 கிலோ இருந்தது, அலுமினியத்தில் செய்தபோது எடை பாதியானது. உள்ளூர் வெல்டிங் பட்டறையில் இரும்பில் செய்துகொள்ள நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 1.5 மீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலம், 4 மில்லிமீட்டர் கனம் என்றால் ஒன்றே 19 கிலோ. நான்கைத் தூக்கிக்கொண்டு கொதிக்கும் தேரியில் நடப்பது சிரமம். விளிம்பை மடிக்காவிட்டால் முதல் ஏற்றத்திலேயே முனை சுருண்டுவிடும்.

நீளத்தில் சிக்கனம் வேண்டாம். உங்கள் லாரி போன்றவற்றில் வரும் 10.00-20 அளவு டயரின் சுற்றளவு ஏறத்தாழ 3.3 மீட்டர். ஜீப்புக்கான 1.15 மீட்டர் போர்டில் உங்கள் சக்கரம் மூன்றில் ஒரு சுற்றுதான் உருளும். அதற்குள் வண்டிக்கு வேகம் பிடிக்காது. 1.5 மீட்டருக்குக் குறையாமல் நான்கு வாங்குங்கள். இரண்டுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால், ஆழமாகப் புதைந்த ஆக்சிலுக்கு அவற்றைப் போடுங்கள்.

சங்கரன்கோவில், மானூர்ப் பக்கத்துக் கரிசல் வேறு வகை. ஐப்பசி மழையில் ஊறிய அந்த மண் பலகையின் பற்களுக்கிடையே அப்பி, தேய்த்த அம்மியைப் போல் வழவழப்பாக்கிவிடும். அங்கே துளை பெரிதாக உள்ள பலகையே உதவும், சேறு கீழே பிதுங்கி வெளியேறுவதால். ஒருமுறை அப்படிப் பலகை போட்டு ஏறிய பிறகு, கரிசலுக்குள் முழங்கை ஆழம் போய்விட்ட பலகையைத் தேடியெடுக்க எனக்கு அரை நாள் ஆனது. அன்றிலிருந்து ஒவ்வொன்றின் முனையிலும் சிவப்புக் கயிறு இரண்டு மீட்டர் கட்டி வைக்கிறேன்.

எதை வாங்கினாலும் பலகையைக் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். முதலில் டயரின் காற்றைக் குறையுங்கள். சாலையில் 90 பிஎஸ்ஐ வைப்பவர்கள் மணலில் 40 வரை இறக்குவதுண்டு, ஆனால் ட்யூபும் லாக் ரிங்கும் (டயரை ரிம்மில் பிடித்துவைக்கும் இரும்பு வளையம்) உள்ள சக்கரத்தில் ட்யூப் நழுவி வால்வு அறுபடக்கூடும் என்பதால் டயர் நிறுவனத்தின் எடைப் பட்டியலைப் பார்த்தே இறக்குங்கள். திரும்ப நிரப்ப, தகுந்த குழாய் இருந்தால் ஏர் பிரேக் டேங்கின் காற்றே போதும். பிறகு மம்பட்டியால் நான்கு சக்கரங்களின் முன்னும் சரிவாக வெட்டி, ஆக்சிலின் நடுவில் பருத்திருக்கும் குடத்தை மணல் தொடாதபடி ஒதுக்கி, பலகையைச் சக்கரத்தின் அடியில் இடுக்கி, குறைந்த கியரில், சுழலவிடாமல் மெல்ல ஏறுங்கள். அப்போது வண்டிக்கு முன்னும் பின்னும் எவரும் நிற்கக் கூடாது. சக்கரத்தில் சிக்கிய பலகை பின்னோக்கிச் சீறி வந்தால் காலை முறித்துவிடும்.