சிறப்புக் கல்வி வந்த வழி: கேள்வி பதில்

சென்னையில் முப்பது வருடம் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

டீச்சர், நம்ம ஊரில் சிறப்புக் கல்வி எப்போ தொடங்கியது? (பி.எட். மாணவி, தாம்பரம்)

தமிழ்நாட்டுக் கதையைச் சென்னையிலிருந்து தொடங்க முடியாதும்மா, பாளையங்கோட்டைக்குப் போக வேண்டும். 1890-ல் மிஷனரி ஆஸ்க்வித் அம்மையார் அங்கே பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினார். சில வருடங்களில் அதே ஊரில் புளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி அமைத்தார். சென்னையில் பார்வையற்ற, காது கேளாத பிள்ளைகளுக்கான லிட்டில் ஃபிளவர் கான்வென்ட் பள்ளி 1926-ல் வந்தது. அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு 1950-களில் கீழ்ப்பாக்கம் பால விஹார், பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கட்டுப்படாத நிலை) உள்ளவர்களுக்கு 1985-ல் வித்யா சாகர். எந்தக் குழந்தையின் முறை எவ்வளவு தாமதமாக வந்தது என்று பாருங்கள்.

பிரெய்லில் தமிழ் எப்படி எழுதுகிறார்கள்? (கல்லூரி மாணவர், அம்பத்தூர்)

பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் எழுத்து பிரெய்ல், ஆறே மேட்டுப் புள்ளிகள்தான். நம் மொழிகளுக்கு 1951-ல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயில் ஒலியை வைத்து நடக்கிறது. அதனால் தமிழ் 'க'வும் இந்தி 'க'வும் ஒரே புள்ளிகள். லூயி பிரெயில் இதை உருவாக்கியபோது அவருக்கு வயது 15, பாரிஸில் பார்வையற்றோர் பள்ளி மாணவர். அவர் பள்ளியே இதை முறையாக ஏற்றது 1854-ல், அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து. பார்வையுள்ள ஆசிரியர்களுக்குச் சாதாரண எழுத்தையே மேடாக அச்சடித்த மேடெழுத்துதான் பழக்கம், அதை விட மனம் வரவில்லை. ஒரு மாணவன் தனக்காகச் செய்துகொண்டது, கற்பிக்க வந்தவர்கள் கண்ணில் படவில்லை. இந்தத் துறையில் எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

மகனுக்குக் காது கேட்காது. சைகை பழக்கினால் பேச்சு வராதுன்னு சொல்றாங்க. உண்மையா டீச்சர்? (ஒரு அம்மா, வியாசர்பாடி)

பயப்படாதீங்கம்மா. இந்தப் பேச்சுக்கு வயது நூறுக்கு மேல். 1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் ஆசிரியர் மாநாடு, சைகையை விட வாய்ப்பேச்சு முறைதான் உயர்ந்தது என்று தீர்மானம் போட்டது. வந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் காது கேளாதவர் ஒருவரே. அதன்பின் பல நாடுகளில் வகுப்பறையிலிருந்து சைகை மொழி வெளியேறியது, காது கேளாத ஆசிரியர்கள் வேலையிழந்தார்கள். அதே மாநாட்டு அமைப்பு 2010-ல் வான்கூவரில் கூடி அந்தத் தீர்மானங்களை நிராகரித்தது. இடையில் 130 வருடம்!

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் கையை வைத்துச் சைகையில் பேசிக்கொள்வார்கள். ஆசிரியர் பார்த்தால் திட்டு. இப்போது நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது. சைகை முழு மொழி, அதில் கதை சொல்லலாம், சண்டை போடலாம். காது மெஷினும் பேச்சுப் பயிற்சியும் இருக்கட்டும், ஆனால் அவை பலன் தரும்வரை குழந்தை மொழியே இல்லாமல் காத்திருக்கக் கூடாது. நீங்களும் சேர்ந்தே சைகை கற்றுக்கொள்ளுங்கள்.

ஆட்டிசம் உள்ள மகளை "எங்களிடம் வசதி இல்லை" என்று பள்ளியில் திருப்பி அனுப்பினார்கள். (ஒரு அப்பா, பெரம்பூர்)

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டப் பட்டியலில் ஏழு வகைக் குறைபாடுகள்தான், ஆட்டிசம் இல்லை. 2016 சட்டத்தில் 21 வகை, ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் இருந்தால் 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி அவள் உரிமை. மறுப்பை எழுத்தில் கேளுங்கள், அப்புறம் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுங்கள்.

எல்லோரும் ஒரே பள்ளி என்றால் சிறப்புப் பள்ளிகளை மூடிவிடலாமா? (ஆசிரியர், போரூர்)

வேண்டாம் சார். பொதுப் பள்ளியில் சேர்க்க 1974-லேயே மத்திய அரசு திட்டம் போட்டது. சேர்த்தோம், ஆனால் பல இடங்களில் பிள்ளை பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தது, பிரெய்ல் தெரிந்த ஆசிரியரே இல்லை. அந்தத் திறமை சிறப்புப் பள்ளிகளில்தான் சேர்ந்து கிடக்கிறது. முதலில் அங்கிருக்கும் ஆசிரியர்களைப் பக்கத்துப் பொதுப் பள்ளிகளுக்கு வாரம் இரண்டு நாளாவது அனுப்பட்டும்.