சாயத் தண்ணீர் படிப்பு என்று தனியாக ஒன்று இல்லை, அக்கா

அக்கா, போன சனிக்கிழமை மகளின் மேற்படிப்பு பற்றிப் பேச பட்டர்வொர்த்தில் உங்களைச் சந்தித்தபோது பேசி முடிக்க நேரம் போதவில்லை. உங்கள் மகள் கைப்பேசியில் காட்டிய காணொளி நினைவிருக்கும். நீலத் தண்ணீரில் ஒரு கரண்டி கறுப்புத் தூளைப் போட்டுக் கலக்கி வடிகட்டினால் தெளிந்த தண்ணீர். "இதைத்தான் படிக்கப் போறேன் சார்" என்றாள். நீங்களோ, "அழுக்குத் தண்ணிக்கு எதுக்கு சார் டிகிரி?" என்று கேட்டீர்கள். இரண்டு பேரும் பாதி சரி.

அந்த நீலம் மெத்திலின் நீலம். மீன் தொட்டிக்கு ஊற்றுகிற நீல மருந்திலும் பெரும்பாலும் அதுதான் இருக்கும். கறுப்புத் தூள், ஆக்டிவேட்டட் கார்பன் என்னும் பதப்படுத்திய கரி. தேங்காய்ச் சிரட்டையிலும் செம்பனைக் கொட்டை ஓட்டிலும் செய்யலாம். அதன் ஒரு கிராமுக்குள் இருக்கும் நுண்துளைகளை விரித்துப் பரப்பினால் 1,000 சதுர மீட்டர் வரும். ஏறக்குறைய 12 பூப்பந்து ஆட்டக்களம். சாயம் போய் ஒட்டிக்கொள்ள அவ்வளவு இடம்.

ஆனால் மெத்திலின் நீலம் சுலபமான சாயம். அதற்கு நேர் மின்சுமை. பல கரிகளின் பரப்பில் எதிர் மின்சுமை. ஒட்டாமல் என்ன செய்யும்? நம் மலேசியாவின் கிளந்தான், திரங்கானு மாநிலங்களில், மெழுகால் கோலமிட்டுச் சாயமேற்றும் பாத்தேக் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்கள் அப்படியல்ல. அவை எதிர் மின்சுமை கொண்டவை, தண்ணீரில் நன்றாகக் கரைபவை. போதாக்குறைக்கு சாயத்தை நிலைநிறுத்தப் பூசும் சோடியம் சிலிக்கேட்டும், கோலமிட்ட மெழுகும் கழிவுநீரில் கலந்து வரும். இதற்காகத்தான் பரப்பையே வேண்டியபடி மாற்றி அமைக்கிறார்கள். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் அமிலத்தன்மையுள்ள நீரில் நேர் மின்சுமை பெற்று இந்தச் சாயங்களைப் பிடிக்கும். தூளில் இரும்பு ஆக்சைடைச் சேர்த்துவிட்டால், வேலை முடிந்ததும் காந்தம் வைத்து இழுத்துவிடலாம். உலோகமும் கரிமமும் பின்னிய எம்.ஓ.எஃப். பொருள்களுக்கு 2025இல் வேதியியல் நோபல் பரிசே கிடைத்தது. அவை சிரட்டைக் கரியோடு விலையில் போட்டி போடுமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை.

மகள் எந்தப் பேராசிரியரைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சாயம் ஏறிய தூள் அப்புறம் எங்கே போகும்? சாயம் தண்ணீரிலிருந்து தூளுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான், அழியவில்லை. சாயத் தொழிற்சாலையில் பயன்படுத்தித் தீர்ந்த கரி, 2005ஆம் ஆண்டு மலேசிய விதிமுறைப்படி அட்டவணைக் கழிவு, அதாவது தனிக் கட்டுப்பாட்டில் அகற்ற வேண்டிய கழிவு. அதைக் குப்பைத் தொட்டியில் கொட்ட முடியாது. எத்தனை முறை கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம் என்று சொல்லாத ஆய்வை நான் பாதி வேலையாகத்தான் எண்ணுவேன்.

சரி, வேலைக்கு வருவோம். "சாயம் நீக்குநர்" என்று யாரும் விளம்பரம் போடுவதில்லை. ஆனால் 2009ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிமுறை நிறத்துக்கே வரம்பு வைத்திருக்கிறது: குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே விடும் நீருக்கு ஏ.டி.எம்.ஐ. என்னும் நிற அளவுகோலில் 100, மற்ற இடங்களில் 200. சுத்திகரிப்பு நிலையத்தைத் தகுதிச் சான்று பெற்ற ஒருவர் கண்காணிக்க வேண்டும் என்பதும் அதே விதிமுறையில் இருக்கிறது. டிகிரிக்குப் பின் அந்தச் சான்றிதழையும் எடுத்தால், சாயப்பட்டறை மட்டுமல்ல, பிறை, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைகளில் கழிவுநீர் வெளியேற்றும் எந்தத் தொழிற்சாலையிலும் விண்ணப்பிக்கலாம். சேற்று நாற்றமும் இரவு ஷிப்டும் உண்டு, மறைக்கவில்லை.

எனவே சாயத்தை இறுதியாண்டு ஆய்வுக்கு வைத்துக்கொள்ளட்டும். டிகிரி கெமிக்கல் இன்ஜினியரிங்காகவோ வேதியியலாகவோ இருக்கட்டும். யூ.எஸ்.எம். எனப்படும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் நிபோங் திபாலில் இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து கடலைக்கூடத் தாண்ட வேண்டாம். வேதியியல் என்றால் பினாங்குத் தீவில், அதன் மிண்டன் வளாகம். பல்கலைக்கழகத்துக்கு முன் எஸ்.டி.பி.எம். என்னும் ஆறாம் படிவத் தேர்வு வழியோ மெட்ரிகுலேஷன் வகுப்போ, கணக்கில் கோட்டை விட்டால் இரண்டுமே கஷ்டம். ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வின் கூடுதல் கணிதத்தில் அவள் என்ன எடுத்தாள் என்று நீங்கள் சொல்லவே இல்லை!

தனியார் கல்லூரி என்றால், பொறியியல் அங்கீகார மன்றத்தின் ஒப்புதல் அந்தப் படிப்புக்கு இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரியின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முன்பு என்னிடம் வந்த ஒரு பையன், பெயரில் "சுற்றுச்சூழல்" இருந்ததால் ஒரு படிப்பில் சேர்ந்தான். நான்கு வருடம் கழித்துப் பொறியாளராகப் பதிவு செய்யப் போனபோதுதான் ஒப்புதல் இல்லை என்று தெரிந்தது. பி.டி.பி.டி.என். என்னும் அரசு உயர்கல்விக் கடனை மட்டும் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறான்.

வேறு படிப்பா இதுவா என்று இன்றே முடிவு செய்ய வேண்டாம். மீன் கடையில் அந்த நீல மருந்தையும் வடிகட்டிக்குப் போடும் கரியையும் வாங்கிக் கொடுங்கள். கையுறையும் வேண்டும், கறை லேசில் போகாது. பத்துக் கண்ணாடிப் புட்டிகளில் ஒரே அளவு நீலத் தண்ணீர், ஒவ்வொன்றிலும் வேறு வேறு எடைக் கரி. ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில் நிறத்தைப் பார்த்து எழுதட்டும். ஆய்வுக்கூட வேலையில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கும். காணொளியில் இது வராது. மூன்றாம் நாளே சலித்துவிட்டால் திட்டாதீர்கள். எப்படியானாலும் அடுத்த சனிக்கிழமை அந்த நோட்டுப் புத்தகத்தோடு வரச் சொல்லுங்கள்.